மண்ணை மண்ணாக விடுங்கள்: பூங்காவில் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

மயிலாப்பூர் லஸ் சர்ச் சாலையிலுள்ள நாகேஸ்வரராவ் பூங்கா அளவில் பெரியதில்லை. நாலைந்து ஏக்கருக்குள் அடங்கிவிடும். 1893-இல் பம்பாயில் அமிர்தாஞ்சன் தைலத்தைத் தொடங்கியவரும், ‘ஆந்திர பத்திரிகா’ இதழை நடத்தியவரும், உப்புச் சத்தியாகிரகத்தில் சிறை சென்றவருமான காசிநாதுனி நாகேஸ்வரராவ் பந்துலுவின் பெயர் அதற்கு. விடியுமுன்பே வாசலில் செருப்புச் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். விறுவிறுவென்று நடப்பவர்கள், மூட்டுவலிக்காக மெல்ல நடப்பவர்கள், யோகா விரிப்பைச் சுருட்டிக்கொண்டு வருபவர்கள், நடந்து முடித்ததும் பேப்பரை விரிப்பவர்கள், சாயங்காலம் ஊஞ்சலுக்கு வரிசையில் நிற்கும் பிள்ளைகள், அவர்களைக் கூட்டிவந்து பெஞ்சில் உட்கார்ந்து தங்கள் கதையைப் பேசும் பாட்டிகள் என்று அந்த ஓரிடம் ஒரே நாளில் பல பூங்காக்களாக மாறுகிறது.

சென்னையில் பேட்டைக்குப் பேட்டை இப்படி ஒரு பூங்கா உண்டு. அதை உயிராக நினைக்கிற ஒரு கூட்டமும் உண்டு. நான் பார்த்தவரையில், பூங்காக்களுக்கு வரும் கேட்டில் பெரும்பங்கு இந்தப் பிரியத்தால்தான் வருகிறது. குப்பை போடுகிறவரைப் பார்த்தால் சத்தம்போட்டு நிறுத்திவிடலாம். தகப்பனார் நினைவாக ஒரு கிரானைட் பெஞ்சு, பெரியவர்கள் உட்கார மரத்தைச் சுற்றி ஒரு மேடை, மழையில் சேறாகாமலிருக்க பேவர் பிளாக், விழா நடத்த ஒரு ஷெட் என்று நல்ல மனசோடு வருகிறவரை யார் தடுப்பது? தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே நியாயம். பத்துப் பதினைந்து வருஷம் கழித்துப் பார்த்தால் கால் வைக்க மண் இருக்காது. கீழே எழுதியிருப்பதில் ‘செய்யாதீர்கள்’ அதிகமாக இருப்பதற்கு அதுதான் காரணம்.

மரத்தடியில்

மரத்தின் தூரைச் சுற்றிச் சிமென்ட் பூசாதீர்கள். மேடை கட்டாதீர்கள். டைல்ஸை மரத்தோடு ஒட்டிப் பதிக்காதீர்கள்.

மரம் அடி ஆழத்திலிருந்துதான் தண்ணீர் குடிக்கிறது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தண்ணீரை இழுக்கும் மெல்லிய வேர்களில் பெரும்பாலானவை மேல்மண்ணில் இரண்டடிக்குள்தான் ஓடுகின்றன. கிளையின் நிழல் விழும் வட்டத்தையும் தாண்டி அவை பரவுகின்றன. அதன்மேல் சிமென்ட் போட்டால் மழைநீரும் இறங்காது, வேருக்குக் காற்றும் கிடைக்காது. மரம் உடனே சாகாது. உச்சிக்கிளை காயும், இலை சிறுக்கும், சில வருஷம் கழித்து ஒரு புயலில் சாயும். அன்றைக்கு எல்லோரும் புயலைக் குறை சொல்வோம். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. நடைபாதைகளிலும் பூங்கா ஓரங்களிலும் விழுந்துகிடந்த பல மரங்களின் வேர்த்தூர், சிமென்ட் விட்டுவைத்த அந்தச் சின்ன வட்டத்துக்குள்ளேயே குறுகிப் போயிருந்தது.

டெல்லியில் 2013-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், மரங்களைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் இருக்கும் கான்கிரீட்டை எடுத்துவிட வேண்டும் என்று உத்தரவிட்டது. ஒரு மீட்டர் என்பது மிகக் குறைந்த அளவு. பூங்காவில் இடத்துக்குப் பஞ்சமில்லை. நிழல் விழும் அளவுக்கு மண்ணைத் திறந்து விடுங்கள்.

ஏற்கெனவே பூசியிருந்தால் உடைக்கச் சொல்லுங்கள். உளியும் சுத்தியலும் கொண்டு கையால்தான் உடைக்க வேண்டும். ஜேசிபி பக்கத்தில்கூட வரக் கூடாது. உடைத்த இடத்தில் மக்கிய சருகைப் பரப்பலாம். தூரை மூடுகிறபடி மண்ணைக் குவித்தால் பட்டை அழுகும், அதையும் கவனிக்க வேண்டும்.

அடுத்தது ஆணி. யோகா வகுப்பு விளம்பரம், ‘புகைபிடிக்காதீர்’ பலகை, நடைக்காரர் சங்கத்தின் அறிவிப்பு, தலைவர் பிறந்தநாள் தட்டி எதுவாக இருந்தாலும் மரத்தில் அறையாதீர்கள். இலையில் தயாராகும் உணவு வேருக்கு இறங்குவது பட்டைக்கு அடியில் ஒட்டியிருக்கும் ஒரு மெல்லிய அடுக்கு வழியாகத்தான். ஆணி அதைக் கிழிக்கிறது, அந்த ஓட்டையில் பூஞ்சை ஏறுகிறது. கம்பி கட்டுவது அதைவிட மோசம். மரம் பெருக்கப் பெருக்கக் கம்பி உள்ளே இறங்கி, கழுத்தை நெரிப்பதைப் போல உணவோட்டத்தை அறுக்கிறது. சென்னையில் ‘நிழல்’ அமைப்பின் தன்னார்வலர்கள் மரங்களிலிருந்து ஆணிகளைப் பிடுங்கும் வேலையைப் பல வருஷங்களாகச் செய்துவருகிறார்கள். உங்கள் பூங்காவில் நீங்களும் செய்யலாம். நேராக இழுத்துப் பிடுங்குங்கள், ஆட்டி ஆட்டிக் காயத்தைப் பெரிதாக்காதீர்கள். ஓட்டையைச் சிமென்டாலோ தாராலோ அடைக்காதீர்கள், மரம் தானே மூடிக்கொள்ளும். பட்டை முழுவதும் வளர்ந்து ஆணியை விழுங்கிவிட்டதென்றால் அப்படியே விட்டுவிடுங்கள்.

கன்று நட்டபோது போட்ட இரும்புக் கூண்டையும் மறக்காதீர்கள். கன்று தலைக்கு மேல் வளர்ந்து தானாக நிற்கத் தொடங்கியதும் கூண்டைக் கழற்றி அடுத்த கன்றுக்குப் போட வேண்டும். கழற்றாமல் விட்டால் கம்பி மரத்துக்குள் புதைந்துபோகும். நம் தெருக்களில் இந்தக் காட்சி எத்தனையோ உண்டு.

கன்று நடுவதைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஜூன் 5 சுற்றுச்சூழல் நாள் என்பதால் அன்று கன்று நடும் பழக்கத்தைச் சென்னைக்காரர்கள் விட்டுவிட வேண்டும். அக்னி நட்சத்திரம் முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருக்கும். நமக்குப் பெருமழை அக்டோபரில்தான். நாலு மாதம் யார் தண்ணீர் ஊற்றுவது? படம் எடுத்து முடிந்ததும் கன்றுக்குத் துணை யாருமில்லை. செப்டம்பர் கடைசியில் குழி எடுத்து, முதல் மழை இறங்கியதும் நடுங்கள். வடகிழக்குப் பருவமழை மூன்று மாதம் அதை வளர்த்துக் கொடுக்கும்.

எதை நடுவது என்பதும் முக்கியம். நர்சரியில் சீக்கிரம் வளரும் என்று கொடுப்பதையெல்லாம் வாங்காதீர்கள். வேலிபோல அடர்த்தியாக வளர்கிறது என்று ஊரெல்லாம் நட்ட கோனோகார்பஸை குஜராத் 2023-இல் தடை செய்தது, பிறகு தமிழ்நாடும் தடை செய்தது. மகிழம், புங்கம், இலுப்பை, நாவல், அழிஞ்சில், வேம்பு என்று இந்த மண்ணுக்குப் பழகிய மரங்கள் நமக்கு நிறைய உண்டு. கோட்டூர்புரத்துக்குப் போய்ப் பாருங்கள். அடையாற்றங்கரையில் குப்பை கொட்டும் இடமாகக் கிடந்த நிலம், 2006-இல் ‘நிழல்’ அமைப்பும் அக்கம்பக்கத்துக்காரர்களும் கை வைத்தபின் மரப்பூங்காவாக மாறியது. பெரும்பாலும் நம் நாட்டு மரங்கள். புல்வெளியும் நீரூற்றும் இல்லாமலே ஒரு பூங்கா எவ்வளவு அழகாக இருக்க முடியும் என்று அங்கே தெரியும்.

இறந்தவர் நினைவாக மரம் நட விரும்பினால் நடுங்கள், மனசார நடுங்கள். பெயர்ப்பலகை மட்டும் வேண்டாம்.

சருகு

எரிக்காதீர்கள். இதில் விட்டுக்கொடுக்க எதுவுமில்லை. குப்பையைத் திறந்த வெளியில் எரிப்பது திடக்கழிவு மேலாண்மை விதிகளுக்கு விரோதம். 2016 டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சாதாரணமாக எரித்தால் ₹5,000, பெருமளவில் எரித்தால் ₹25,000 என்று அபராதமும் வைத்தது. விதி ஒருபுறம் இருக்கட்டும். விடியற்காலையில் நுரையீரலுக்கு நல்லது என்று மூச்சை ஆழ இழுத்துக்கொண்டு நடப்பவர்கள் நடுவே சருகுப் புகை எதற்கு?

சருகைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும், அதற்குத்தான் எதிர்ப்பு அதிகம் வரும். எல்லா இடத்தையும் பெருக்கச் சொல்லாதீர்கள். நடைபாதையைப் பெருக்கட்டும், பெஞ்சைச் சுற்றிப் பெருக்கட்டும், பிள்ளைகள் விளையாடும் இடத்தைப் பெருக்கட்டும். செடிப் பாத்தியிலும் மரத்தடியிலும் விழுந்த இலை விழுந்த இடத்திலேயே கிடக்கட்டும். தென்னந்தோப்பு வைத்திருக்கிற யாரையாவது கேளுங்கள், மூடாக்கு என்பார்கள். மண்ணை வெயில் சுடாமல் காக்கும், ஈரத்தைப் பிடித்துவைக்கும், மெல்ல மக்கி உரமாகும். பூங்காக் கண்காணிப்பாளர் சருகைப் பார்த்தால் வேலை நடக்கவில்லை என்று நினைக்கிறார், நடப்பவர்கள் புகார் கொடுக்கிறார்கள், பெருக்கும் அம்மா பயந்துகொண்டு மண்ணே தெரியும்வரை சீவித் தள்ளுகிறார். மேல்மண்ணும் கொஞ்சம் கொஞ்சமாக அந்தக் கூடையில் போகிறது. நிலத்துக்கு மேலே வேர் எட்டிப் பார்க்கும் மரங்கள் பலவற்றுக்கு இந்தத் துடைப்பமும் ஒரு காரணம்.

சருகை விட்டுவைப்பவர்களுக்கு ஒரு விருந்தாளி கிடைக்கலாம். ஆறுமணிக்குருவி என்ற வண்ணப் பறவை, அக்டோபர் வாக்கில் வடக்கேயிருந்து நெடுந்தூரம் பறந்து சென்னைக்கு வரும். பச்சை முதுகு, சிவந்த அடிவயிறு, குட்டை வால். களைத்துப்போய் வீட்டுக் கொல்லையில் விழுந்துகிடப்பதைச் சிலர் எடுத்து வைத்திருப்பார்கள். அதன் சாப்பாடு முழுக்கச் சருகுக்கு அடியில்தான் இருக்கிறது. இலையைப் புரட்டிப் புழுவையும் பூச்சியையும் பொறுக்கும். சுத்தமாகப் பெருக்கிய மரத்தடியில் அதற்கு ஒன்றுமே இல்லை. மற்ற ஊர்களைப் பற்றித் தெரியாவிட்டாலும் இந்த ஒரு பறவைக்காகவாவது நம் பூங்காக்களில் ஒரு மூலை அழுக்காகத் தெரியட்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மிஞ்சிய சருகை மக்கவைப்பது பெரிய வேலை இல்லை. மூன்றடி அகலம், மூன்றடி நீளம், மூன்றடி உயரத்தில் கம்பிவலைக் கூண்டோ, இடைவெளி விட்டு அடுக்கிய செங்கல் தொட்டியோ போதும். சருகை ஒரு அடி போட்டு மிதித்து, சாணிக்கரைசலோ புளித்த மோரோ தெளித்து, கிடைத்தால் வெட்டிய புல்லைக் கொஞ்சம் போட்டு, மறுபடி சருகு. பிழிந்தால் ஓரிரு சொட்டு வருகிற அளவுக்கு ஈரம் இருக்க வேண்டும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை புரட்டினால் நாலைந்து மாதத்தில் கறுத்து உதிர்ந்துவிடும். மாவிலையும் மூங்கில் இலையும் தாமதமாகும். அவற்றை மூடாக்குக்கே வைத்துக்கொள்ளலாம். தொட்டியில் பிளாஸ்டிக் கவரோ பூமாலை நாரோ விழாமல் பார்த்துக்கொள்ள இரண்டு பேர் மனசு வைத்தால் போதும்.

சத்தம்

நாகேஸ்வரராவ் பூங்காவில் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளைகள் கச்சேரி செய்வார்கள். மைக் கிடையாது. ஒரு சின்னக் கூட்டம் முன்னால் உட்கார்ந்து கேட்கும், நடப்பவர்கள் அந்தப் பக்கம் வரும்போது நடையைத் தளர்த்துவார்கள், விரும்பாதவர் காதில் அது விழாது. பூங்காவில் எப்படிச் சத்தம் எழுப்பலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணத்தை நான் பார்த்ததில்லை.

ஆகவே, பாடுங்கள், சிரியுங்கள், பஜனை செய்யுங்கள், வாய்விட்டு அரசியல் பேசுங்கள். ஸ்பீக்கரை மட்டும் வீட்டில் வையுங்கள். கைபேசியில் பக்திப் பாட்டோ பழைய பாட்டோ கேட்க வேண்டுமானால் இயர்போன் போடுங்கள். உங்கள் ராமனும் இளையராஜாவும் பக்கத்தில் நடப்பவருக்கும் பிரியமானவர்களாகவே இருக்கலாம், அவர் அந்த நேரத்தில் குயிலைக் கேட்க வந்திருக்கலாம். உடற்பயிற்சி வகுப்பு நடத்துகிறவர்கள் இருபது பேருக்குமேல் சேர்ந்தால் மைக் கேட்காமல், வகுப்பை இரண்டாகப் பிரியுங்கள். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது, குடியிருப்புப் பகுதியில் பகல் அளவு 55 டெசிபல். சண்டை போடாமல் இந்த இரண்டு எண்களை மட்டும் சொல்லிப் பாருங்கள், பெரும்பாலும் வேலை செய்யும்.

தீனி

புறாவுக்கு அரிசி இறைக்காதீர்கள். புண்ணியம் என்று செய்வது தெரியும். புறாக்கள் ஒரே இடத்தில் நூற்றுக்கணக்கில் கூடினால் அவற்றின் எச்சமும் சிறகுத் தூளும் மூச்சில் போய் நுரையீரலில் ஒவ்வாமை அழற்சியை உண்டாக்கக் கூடும். ஆஸ்துமா உள்ளவர்களும் முதியவர்களும் நடக்கிற இடம் அது. மிஞ்சிய அரிசிக்கு இரவில் எலி வரும். பறவைக்குக் கொடுக்க ஆசைப்பட்டால் பழமரம் நடுங்கள், வெயில் காலத்தில் மண்சட்டியில் தண்ணீர் வையுங்கள். அந்தச் சட்டியை இரண்டு நாளுக்கு ஒருமுறை கவிழ்த்துத் தேய்க்க வேண்டும்.

நாய் விஷயத்தில் இரண்டு தரப்பும் கோபமாக இருக்கின்றன, இரண்டு தரப்புக்கும் நியாயம் இருக்கிறது. 2023-ஆம் ஆண்டின் விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் இதற்கு ஒரு வழி சொல்கின்றன: நுழைவாயில், படிக்கட்டு, பிள்ளைகள் விளையாடும் இடம் ஆகியவற்றிலிருந்து விலகி ஓரிடம், பிள்ளைகளும் முதியவர்களும் அதிகம் நடமாடாத ஒரு நேரம். சங்கமும் உணவு வைப்பவர்களும் உட்கார்ந்து பேசி அந்த இடத்தை முடிவு செய்யுங்கள். உணவு வைக்கிறவரே அங்குள்ள நாய்களுக்குக் கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் நடக்கப் பார்த்துக்கொண்டால் பாதிச் சண்டை அடங்கிவிடும். வீட்டு நாயைக் கூட்டிவருகிறவர்கள் கயிறும், அள்ளுவதற்குப் பழைய பேப்பரும் கொண்டுவாருங்கள்.

வாசலில் அருகம்புல் சாறும் முளைகட்டிய பயறும் விற்பவரை விரட்டாதீர்கள். உங்கள் நடையை நம்பித்தான் அவர் நாலு மணிக்கு எழுந்து அரைக்கிறார். கையோடு ஒரு டம்ளர் கொண்டுபோங்கள். உள்ளே பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பும் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடைசெய்யப்பட்ட பொருள்களில் ஒன்று.

தண்ணீர்

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஏழெட்டு நாளில் வளர்ந்துவிடும். ஆகவே வாரத்துக்கு ஒரு சுற்று. இளநீர் ஓடு, உடைந்த தொட்டி, கழற்றிப்போட்ட டயர் ஊஞ்சல், ஓடாத நீரூற்று, தண்ணீர்க் குழாய்க்கடியில் தேங்கும் குட்டை எல்லாவற்றையும் பார்த்துக் கவிழ்த்துவிடுங்கள். ஓடாத நீரூற்றைச் செலவழித்துப் பழுதுபார்க்கக் கேட்பதைவிட, மண் நிரப்பிச் செடி வைக்கக் கேட்பது மேல்.

மழைக்காலத்தில் பூங்காவின் தாழ்ந்த மூலையில் ஓரிரு நாள் தண்ணீர் நின்றால் பதறாதீர்கள். அதை ரோட்டுக்கு வெட்டி விடாதீர்கள். மாநகராட்சியே இப்போது பூங்காக்களில் குளம்போல் பள்ளம் எடுத்து, மழைநீரை உறிஞ்சவைக்கும் ‘ஸ்பாஞ்ச் பூங்கா’க்களை அமைத்துவருகிறது. 2015 டிசம்பரில் மூழ்கி, 2019 கோடையில் லாரித் தண்ணீருக்கு வரிசை கட்டிய ஊர் இது. மழை இறங்க இடம் மிச்சமிருப்பது பூங்காவில்தான்.

நடைபாதையில்

இதற்கு விளக்கம் தேவையில்லை.

எல்லோரும் ஒரே திசையில் சுற்றுங்கள். நாலு பேர் கைகோத்த மாதிரி வரிசையாக நடக்காதீர்கள். மெல்ல நடப்பவர் இடப்பக்கம். ஓடுபவர் பின்னாலிருந்து வரும்போது குரல் கொடுக்க வேண்டும், முதியவர் திடுக்கிட்டு விழுந்தால் இடுப்பெலும்பு போய்விடும். உடற்பயிற்சிக் கருவியில் உட்கார்ந்து போன் பார்க்காதீர்கள். பிள்ளைகளின் ஊஞ்சலில் பெரியவர்கள் ஆடினால் கொக்கி தேயும். வெற்றிலை எச்சில், சளி இரண்டையும் துப்பாதீர்கள்.

வேலை செய்பவர்கள்

பூங்காவை நாம் பராமரிப்பதாகச் சொல்லிக்கொள்கிறோம். உண்மையில் பராமரிப்பவர் பெருக்கும் அம்மா, தோட்டக்காரர், காவலாளி. பெரும்பாலும் ஒப்பந்தக்காரரிடம் நாள்கூலி வாங்குபவர்கள். அவர்களிடம் முதலில் பேர் கேளுங்கள். “ஏம்மா” என்றும் “யோவ்” என்றும் கூப்பிடுவது நம் ஊரில் இன்னும் ஒழியவில்லை, அது எனக்குப் பெரிய வருத்தம். நம் வயதுக்குத் தகுந்தபடி அக்கா, அண்ணே, தம்பி என்று வாயில் வரட்டும்.

“அக்கா, அந்தக் குழாய் ரெண்டு நாளா ஒழுகுதே?”

“சொல்லிட்டேம்மா. வாசர் வாங்கித் தரணும்னு சூப்பர்வைசர் சொல்றாரு. நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா சீக்கிரம் வரும்.”

இந்த மாதிரி உரையாடலில்தான் பூங்கா ஓடுகிறது. என்ன பழுது, எங்கே பூச்சி விழுந்திருக்கிறது, எந்தக் கிளை ஆபத்தாகத் தொங்குகிறது என்பதெல்லாம் அவர்களுக்கு நமக்கு முன்னாலேயே தெரியும். அவர்கள் சொன்னால் மேலே போகாது, நீங்கள் சொன்னால் போகும். அவர்கள் சொல்வதைக் கேட்டு, அதை நீங்கள் மேலே கொண்டுபோங்கள்.

உங்களுக்குப் பிடித்த மூலையைப் பெருக்க, வீட்டுத் தொட்டிச் செடிக்கு மண் எடுத்துக் கொடுக்க, காருக்குத் தண்ணீர் ஊற்ற அவர்களைப் பணிக்காதீர்கள். பூஜைக்குப் பூ பறிக்கிறவர்களைத் தடுக்கச் சொல்லி அவர்களைச் சண்டைக்கு முன்னால் நிறுத்தாதீர்கள். கையுறை இருக்கிறதா, வெயிலில் உட்கார அறை இருக்கிறதா, பெண்கள் உபயோகிக்கத் தண்ணீரோடு கழிப்பறை இருக்கிறதா, மாதக் கூலி தேதிக்கு வருகிறதா என்று கேளுங்கள். தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ் கொடுப்பது நல்லது. இந்த நாலு கேள்வியையும் ஒப்பந்தக்காரரிடம் எழுத்தில் கேட்பது அதைவிட நல்லது.

சங்கம்

வாட்ஸ்அப் குழுவில் உடைந்த பெஞ்சின் படத்தைப் போட்டால் பதினெட்டுக் கும்பிடுகளும் கோப முகங்களும் வரும், பெஞ்சு அப்படியே கிடக்கும். மாநகராட்சியின் 1913 என்ற எண்ணில் புகார் கொடுத்து, புகார் எண்ணை ஒரு நோட்டில் எழுதுங்கள். அந்த நோட்டு காவலாளி அறையில் இருக்கட்டும், யார் வேண்டுமானாலும் பார்க்கட்டும். ஒரு வருஷத்து நோட்டு கையில் இருந்தால் கவுன்சிலரிடமும் மண்டல அலுவலகத்திலும் பேச்சு வேறு மாதிரி நடக்கும். 2022-இல் விதி வகுத்து ஏற்படுத்திய பகுதி சபைக் கூட்டத்துக்கும் அதைக் கொண்டுபோங்கள்.

பூங்கா நிலத்தின் சர்வே எண்ணையும் பரப்பளவையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். இதை நான் வற்புறுத்திச் சொல்கிறேன். பூங்காக்களையும் விளையாட்டுத் திடல்களையும் காப்பதற்கென்றே தமிழ்நாட்டில் 1959-ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று இருக்கிறது. சட்டம் இருந்தும் ஓரத்தில் ஒரு டிரான்ஸ்பார்மர், ஒரு அலுவலக அறை, ஒரு குப்பைத் தொட்டி மேடை என்று நிலம் தேய்கிறது. எல்லை தெரியாதவரால் எதையும் தடுக்க முடியாது. ஷெனாய் நகர் திரு.வி.க. பூங்காவை மெட்ரோ சுரங்க நிலையத்துக்காக 2011-இல் மூடினார்கள், பழைய மரங்கள் போயின. மறுபடி திறக்கப் பத்து வருஷத்துக்குமேல் ஆனது. மெட்ரோ வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. புதுப் பூங்காவில் விளக்கும் பாதையும் வந்துவிட்டன, நிலையத்தின் கூரைமேல் பரப்பிய மண்ணில் அந்தப் பழைய மரங்கள் வருமா? அக்கம்பக்கத்தில் வளர்ந்த ஒரு தலைமுறைக் குழந்தைகள் பூங்கா இல்லாமலே பள்ளி முடித்துவிட்டார்கள். எந்தத் திட்டம் வந்தாலும், முதல் வரைபடம் வெளியாகும் நாளிலேயே எத்தனை மரம், எத்தனை மாதம், திரும்பக் கொடுக்கும்போது எத்தனை அடி மண் என்று எழுத்தில் கேளுங்கள்.

தனியார் நிறுவனம் பராமரிப்பை ஏற்க வந்தால் வரவேற்கலாம். நாகேஸ்வரராவ் பூங்காவைச் சுந்தரம் ஃபைனான்ஸ் நிறுவனம் பராமரித்து வருவதால் வந்த ஒழுங்கு கண்ணுக்குத் தெரிகிறது. ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது, எத்தனை வருஷம், விளம்பரப் பலகை எந்த அளவு என்பதைச் சங்கம் படித்துவைத்திருக்க வேண்டும்.

சந்தா கொடுக்காத நடைக்காரரைக் கூட்டத்துக்கு அழைக்காமல் விடாதீர்கள். அப்புறம், பொன்னாடைக்கும் ஃபிளெக்ஸுக்கும் செலவழிக்கும் பணத்தில் நாலு மண்வெட்டி வாங்கலாம்.

யார் வரலாம்

பெஞ்சில் காதலர்கள் உட்காருகிறார்கள், வேலையில்லாதவர்கள் படுக்கிறார்கள் என்று பெஞ்சின் நடுவே இரும்புக் கைப்பிடி வைக்கக் கேட்காதீர்கள். பெஞ்சையே எடுத்துவிடச் சொல்லாதீர்கள். ஆபாசமோ தொந்தரவோ இருந்தால் காவலாளி இருக்கிறார், அதற்குமேல் காவல்துறை இருக்கிறது. இரண்டு பேர் பேசிக்கொண்டிருப்பது தொந்தரவு இல்லை. இந்த ஊரில் இளம் பிள்ளைகள் காசு செலவழிக்காமல் உட்கார்ந்து பேச வேறு எந்த இடத்தை நாம் விட்டுவைத்திருக்கிறோம்?

பல பூங்காக்கள் காலை நடை முடிந்ததும் பூட்டி, சாயங்காலம் திறக்கப்படுகின்றன. நடைக்காரர்களாகிய நமக்கு அது சௌகரியம், அதனால் நாம் கேள்வி கேட்பதில்லை. மே மாதம் பகல் பன்னிரண்டு மணிக்குத் தெருவில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் பையன்கள், கட்டட வேலைக்கு வந்தவர்கள், காய்கறி வண்டிக்காரர், நாலு வீட்டில் வேலை முடித்து அடுத்த வீட்டுக்குப் போக ஒரு மணி நேரம் காத்திருக்கும் பெண்கள். நிழல் அவர்களுக்குத்தான் அந்த நேரத்தில் தேவை, அந்த நேரத்தில்தான் பூட்டு தொங்குகிறது. உங்கள் பூங்கா அப்படி இருந்தால், பகல் முழுவதும் திறந்துவைக்கச் சொல்லி மண்டல அலுவலகத்துக்கு எழுதுங்கள். பத்து நடைக்காரர்கள் கையெழுத்துப் போட்டால் போதும். எழுதும்போது குடிதண்ணீர்க் குழாயையும், தண்ணீர் வருகிற கழிப்பறையையும், இரண்டாம் ஷிப்டுக்கு ஒரு காவலாளியையும் அந்த மனுவிலேயே சேர்த்துவிடுங்கள்.